மறுமணம் பற்றிய தமிழ்க் கிறிஸ்தவ நாவல் தேவை

பெங்களூரு லிங்கராஜபுரத்திலிருந்து எழுதுகிறேன். என் அக்கா கணவரை இழந்தவள். வீட்டில் இப்போது மறுமணப் பேச்சு நடக்கிறது. விசுவாசமும் காதலும் சேர்ந்து, இரண்டாவது முறை வாழ்க்கை அமைவதைச் சொல்லும் நாவல் ஒன்றை அவளுக்காகத் தேடுகிறேன். கிடைக்கவே இல்லை. அவளுக்குத் தமிழ் மட்டும்தான் சரளமாகப் படிக்க வரும்.

சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கிலத்தில் இந்த வகை தாராளமாக இருக்கிறது. ஃபிரான்சின் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’ (1991) வாங்கி, ராத்திரிகளில் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்துக் காட்டினேன். பைபிளில் வரும் ஓசியா தீர்க்கதரிசி, அவரை விட்டுப்போன மனைவி கோமேர் கதையைக் கலிபோர்னியா தங்க வேட்டைக் காலத்தில் வைத்து எழுதியது. நாயகன் மைக்கேல், விட்டுப்போன மனைவியைத் தேடிப்போய் மீட்டுவரும் இடத்தில், “அதை இன்னொரு தடவை சொல்லு” என்றாள் அக்கா. ஆனால் அவளுக்கு வேண்டியது, பைபிளில் போவாஸை மறுமணம் செய்துகொண்ட ரூத் மாதிரி ஒரு விதவையின் கதை. துக்கத்தை அவசரமாகத் தாண்டிப்போகாத கதை.

சபைப் புத்தக மேசையில் பிரசங்கங்களும் சாட்சிகளும்தான். தமிழ் நூலகத்திலும் பார்த்தாயிற்று. மொழிபெயர்ப்பானாலும் சரி, அச்சுப் புத்தகமாக இருக்கவேண்டும். போனில் படித்தால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும்.

இப்படி ஒரு தமிழ் நாவலை நீங்களே படித்திருந்தால், பெயரும் பதிப்பகமும் சொல்வீர்களா?