புரோபயாடிக், பிரீபயாடிக்: கோழித் தீவன உறைக்குத் தமிழ்ச்சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்:

குழும அன்பர்களுக்கு வணக்கம். கறிக்கோழிப் பண்ணையாளர்களுக்கான கையேடு ஒன்றையும், அதனோடு செல்லும் தீவனச் சேர்க்கை உறையின் வாசகத்தையும் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆண்டிபயாடிக் என்பதற்கு 'நுண்ணுயிர் எதிரி' வழக்கில் ஊன்றிவிட்டதால் அங்கே சிக்கலில்லை. புரோபயாடிக், பிரீபயாடிக் இரண்டையும் ஒலிபெயர்த்தால் முதலெழுத்துகளில் மட்டும் வேறுபட்டு, சிறிய எழுத்தில் அச்சான உறையில் ஒன்றுபோலவே தெரிகின்றன. பண்ணையாளர் குழம்பாமல் பிரித்தறியும்படி ஓர் இணைச்சொல் வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

முன்னொட்டுகளைப் பிரித்தால் விடை கிடைத்துவிடும். முன்னது சார்பைக் குறிக்கிறது. பின்னது முற்படுதலைக் குறிக்கிறது. ஆகவே 'சார்புயிரி', 'முன்னுயிரி'. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்ற நன்னூல் விதிப்படி இரண்டாம் சொல் இயல்பாகவே புணர்கிறது. ஒலிபெயர்ப்பே போதும் என்பவர்கள் வழக்கம்போலத் தொல்காப்பியரின் 'வடசொற் கிளவி' நூற்பாவைத் துணைக்கு அழைப்பார்கள். அந்நூற்பா அயல் எழுத்தை நீக்கச் சொல்கிறதே தவிர, சொல்லாக்கச் சோம்பலுக்கு உரிமம் வழங்கவில்லை.

கால்நடை மருத்துவர், நாமக்கல்:

ஐயா அவர்களின் புணர்ச்சியில் குறை காணும் தகுதி எனக்கில்லை. ஆனால் 'முன்னுயிரி' பண்ணைக்குள் நுழைந்தால் பொருட்பிழை உறுதி, ஏனென்றால் பிரீபயாடிக் உயிரியே அன்று. அது கோழியால் செரிக்க இயலாததும், அதன் குடலில் வாழும் பயனுள்ள பாக்டீரியாக்கள் உண்ணக்கூடியதுமான சர்க்கரைத் தொடர். சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இன்யூலினும், ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து எடுக்கும் மன்னன் ஒலிகோசாக்கரைடும் இவ்வகையில் சேரும். ('மன்னன்' என்று எழுதினால் அரசனாகிறான், 'மேனன்' என்று எழுதினால் வேறு வம்பு, அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.) நோய் தரும் பாக்டீரியாக்களான சால்மோனெல்லாவும் ஈ. கோலையும் தம் மயிரிழை போன்ற நீட்சிகளால் குடற்சுவரைப் பற்றிக்கொள்வதற்குப் பதிலாக இந்த மன்னனைப் பற்றிக்கொண்டு எச்சத்தோடு வெளியேறுவதும் உண்டு. புரோபயாடிக்கோ உயிருள்ளது: லாக்டோபாசில்லஸ், என்டெரோகாக்கஸ், பாசில்லஸ் சப்டிலிஸ், சில ஈஸ்ட்டுகள்.

பண்ணையில் இந்த வேறுபாட்டுக்கு விலை உண்டு. ப்ளீச்சிங் பவுடர் கலந்த தொட்டித் தண்ணீரில் லாக்டோபாசில்லஸ் பொடியைக் கொட்டினால், நிப்பிள் எனப்படும் குடிநீர்க் குமிழ் வழியாகக் கோழிக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் செத்த பாக்டீரியாதான். குச்சித் தீவனம் தயாரிக்கையில் 80 பாகை அளவுக்கு ஏறும் சூட்டையும் அது தாங்காது. வித்தாக உறங்கும் பாசில்லஸ் தாங்கும். நுண்ணுயிர் எதிரி கொடுக்கும் நாட்களில் புரோபயாடிக்கைக் கொடுத்தால் அந்த எதிரி இதையும் கொன்றுவிடலாம். பிரீபயாடிக்குக்கு இந்தக் கவலைகள் எவையும் இல்லை. இரண்டுக்கும் 'உயிரி' என்றே முடியும் பெயரிட்டால், தேவையில்லாத இடத்தில் எச்சரிக்கையும் தேவையான இடத்தில் அலட்சியமும் வரும்.

முன்னொட்டை நம்புவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1965இல் லில்லி, ஸ்டில்வெல் என்ற ஆய்வாளர்கள் புரோபயாடிக் என்ற சொல்லை எடுத்தாண்டபோது, ஒரு நுண்ணுயிர் சுரந்து மற்றொன்றை வளரத் தூண்டும் பொருளையே குறித்தார்கள். 1974இல் பார்க்கர் அதைக் கால்நடைத் தீவனத்துக்குக் கொண்டுவந்தார். 1989இல் ஃபுல்லர்தான் 'உயிருள்ள' என்ற அடையை வற்புறுத்தினார். 1995இல் கிப்சனும் ராபர்ஃப்ராய்டும் பிரீபயாடிக் என்ற சொல்லை ஆக்கினார்கள். பொருள் இத்தனை முறை நகர்ந்திருக்க, இலத்தீனையும் கிரேக்கத்தையும் ஒட்டவைத்த மூலச்சொல்லின் உறுப்புகளை நாம் ஏன் பெயர்க்க வேண்டும்?

என் பரிந்துரை 'நல்லுயிரி', 'நல்லுயிர்த் தீனி'. ஒன்று உயிர், மற்றொன்று அதன் உணவு. நம் உழவர்கள் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியாப் பொட்டலத்தை 'உயிர் உரம்' என்றே கேட்டு வாங்கி, அரிசிக் கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்து நிழலில் உலர்த்துகிறார்கள். பெயரில் உயிர் இருந்தால் அதற்குரிய கவனமும் வரும் என்பதற்கு அதுவே சான்று.

மென்பொருள் பொறியாளர், சென்னை:

மருத்துவர் சொன்னதை முழுதாக ஏற்றுக்கொண்டு, அதைவிட நல்ல சொல் ஒன்று நம் அடுக்களையிலேயே இருக்கிறது என்கிறேன்: பிரை. பாலைத் தயிராக்க ஊற்றும் உறைமோரைப் பிரை என்றும் புரை என்றும் சொல்வார்கள். ஃபின்லாந்தில் நூர்மியும் ரன்டலாவும் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மிகவும் பொருந்துகிறது. தாய்க்கோழியின் அடியில் பொரிக்கும் குஞ்சு அதன் எச்சத்திலிருந்தே குடல் நுண்ணுயிர்களைப் பெறுகிறது. பொரிப்பகக் குஞ்சுக்கு அந்த வாய்ப்பில்லை. வளர்ந்த கோழியின் குடல் உள்ளடக்கத்தைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது சால்மோனெல்லா அங்கே குடியேறுவது தடைப்பட்டது. இது பிரை ஊற்றுதலே அன்றி வேறென்ன? ஆகவே 'பிரையுயிரி', 'பிரையூண்'.

வேர்ச்சொல்லும் துணை நிற்கிறது. 'போலப் புரைய ஒப்ப' என்று தொடங்கும் உவம உருபுகளில் வரும் 'புரைய' என்பதன் வேர் ஒத்தலைக் குறிக்கும். தன்னை ஊற்றிய பாலைத் தன்னையே ஒத்ததாக ஆக்குவதால் அது புரையாயிற்று. புரையே பின்னர்ப் பிரை எனத் திரிந்தது. புரோபயாடிக்கும் குடலில் தன்னினத்தைப் பெருக்குகிறது. 'புரோ', 'புரை' என்ற ஒலியொப்புமை தற்செயலானதுதான், ஆயினும் இனிமையானது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா', அதாவது ஒரு சொல் ஒரு பொருளைக் குறிப்பதன் காரணம் வெளிப்படையாகத் தோன்றாது, என்று தொல்காப்பியர் எழுதியது இத்தகைய மடல்களை எதிர்பார்த்துத்தான் போலும். புரை என்றால் குற்றம் என்றும் பொருளுண்டு. 'புரைதீர்ந்த நன்மை' என்கிறார் வள்ளுவர். கண்புரையும் இருக்கிறது. கோழிக்குப் புரை கொடுங்கள் என்று உறையில் அச்சிட்டால் வாங்குவோர் யார்? 'ஊண்' அதைவிட ஆபத்தானது. அச்சுக்கோப்பவர் ஒரு சுழியைக் குறைத்தால் 'ஊன்' ஆகி, கறிக்கோழிக் கையேட்டில் அது இறைச்சியாகவே படிக்கப்படும்.

முன்னுயிரியை, மருத்துவர் கூறிய காரணத்துக்காக, விட்டுக்கொடுக்கிறேன். சார்புயிரியை விடுவதாக இல்லை. 'நல்லுயிரி' என்றால் மண்புழுவும் நல்லுயிரிதான்; நுண்மை எங்கே போயிற்று? 'தீனி' என்ற சொல்லும் பெருந்தீனியை நினைவூட்டி அறிவியல் நடையைத் தாழ்த்துகிறது.

கால்நடை மருத்துவர், நாமக்கல்:

நுண்மையைச் சேர்த்தால் 'நன்னுண்ணுயிரி' ஆகும். விற்பனையாளர் அதைத் தொலைபேசியில் சொல்லிப் பார்க்கட்டும். தீனி இங்கே தாழ்ந்த சொல் அன்று, ஐயா. கோழிக்குத் தீனி வைத்தாயிற்றா என்றுதான் எங்கள் பக்கம் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் நுண்ணுயிர் எதிரி சேர்ப்பதைத் தடைசெய்துவிட்டது. இந்தியாவும் 2019இல் உணவுக்கான கால்நடைகளிலும் கோழிகளிலும் கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர் எதிரிக்குத் தடை விதித்தது. அந்த வெற்றிடத்தில் இந்தப் பொடிகள் வரும் வேகத்துக்கு நம் விவாதம் ஈடுகொடுக்க வேண்டும்.

மொழியியல் ஆய்வாளர், புதுச்சேரி:

ஓர் ஐயம் மட்டும். 'நல்லுயிர்த் தீனி' என்பதை எப்படி விரிப்பது? 'நல்லுயிருக்குத் தீனி' என்றால் நான்காம் வேற்றுமைத் தொகை, கோழித் தீவனம் போல. மருத்துவர் விரும்பும் பொருள் அதுவே. 'நல்லுயிரைக் கொண்ட தீனி' என்றும் விரிக்கலாம், சோளத் தீவனம் போல. அப்படி விரித்தால் அது புரோபயாடிக் கலந்த தீவனமாகிவிடுகிறது, அதாவது எதைப் பிரித்துக் காட்டப் புறப்பட்டோமோ அதனோடேயே கலந்துவிடுகிறது. உருபைத் தொகாமல் 'நல்லுயிருக்கான தீனி' என்று எழுதுவதே பாதுகாப்பு.

மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்:

அனைவருக்கும் நன்றி. கையேட்டில் ஒவ்வோர் இயலின் முதல் இடத்திலும் 'புரோபயாடிக் எனப்படும் நல்லுயிரி', 'பிரீபயாடிக் எனப்படும் நல்லுயிருக்கான தீனி' என்று விரித்தும், பிறகு 'நல்லுயிரி', 'நல்லுயிர்த் தீனி' என்று சுருக்கியும் எழுதுகிறேன். உறையில் இடமில்லாததால் சுருங்கிய வடிவங்கள்தான் வரும். ஆய்வாளரின் ஐயத்துக்காக, பிரீபயாடிக் உறையில் 'இதில் உயிருள்ள நுண்ணுயிர் இல்லை' என்ற வரியைச் சேர்க்கிறேன். நல்லுயிரி உறையில் 'குளோரின் கலவாத நீரில் மட்டும் கலக்கவும்' என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டும் கலந்து வரும் சின்பயாடிக்கை இந்தப் பதிப்பில் ஒலிபெயர்த்தே விடுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. அடுத்த பதிப்பு எப்போது என்று மட்டும் தெரிவியுங்கள்.

மென்பொருள் பொறியாளர், சென்னை:

சின்பயாடிக்குக்கு 'பிரைக்கூட்டு' என்ற சொல்லைப் பதிவு செய்துவைக்கிறேன். விளக்க மடல் தனி இழையில் வரும்.