மறு: ‘ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்’ – சுட்டாச்சுருங்கி என்றால் என்ன குறை?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வயர் மூட்டின்மேல் மாட்டிச் சூடு காட்டினால் இறுகும் குழலான ‘ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். இதுவரை வந்த சொற்கள் இரண்டு: வெப்பச்சுருக்கக் குழாய், சுருங்குறை (சுருங்கு + உறை). இரண்டும் எனக்குச் சரிப்படவில்லை. ஏன் என்று சொல்லுமுன் இந்தச் சாமானை நான் எப்படி அறிந்துகொண்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம். வேலைக்கு நுவரெலியா போய்வருவது பைக்கில். நானுஓயாவுக்கு மேலே பின்னேரத்திலேயே பனிமூட்டம் இறங்கிவிடும். ஹெட்லைட் போதாமல் இரண்டு எல்ஈடி விளக்கு வாங்கி நானே பூட்டினேன். ஹெட்லைட்டுக்குப் போகும் வயரை நடுவில் உரித்து, புது வயரை அதில் முறுக்கி, மேலே கறுப்பு டேப் நாலு சுற்று. அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன்.

தென்மேற்குப் பருவமழை எங்கள் பக்கச் சரிவில்தான் நேராக மோதும். ஆனியும் ஆடியும் விடாமல் நனைந்ததில் டேப்பின் பசை கூழாகிச் சுற்று நழுவிவிட்டது. ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் அந்த மூட்டு கழுத்து இரும்பில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பைக்கின் சட்டம் முழுவதும் பேட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்தது அல்லவா? தலவாக்கலை தாண்டி ஒரு வளைவில் செம்பு இரும்பைத் தொட்டது, உருகி (ஃபியூஸ்) போனது. என் பைக்கில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே உருகி. விளக்கு, ஹோர்ன், சிக்னல் எல்லாம் ஒரே நொடியில் செத்தன. மிச்சத் தூரம் பனிமூட்டத்தில் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

மறுநாள் கராஜில் பாஸ் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “டேப்ப மட்டும் சுத்துனா நம்ம மழைக்கு நிக்குமா தம்பி? ஸ்லீவு போடணும்.” வயரின் தோலை உரிக்க உரிக்க உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. மெல்லிய இழைகளுக்கிடையே தண்ணீர், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறியிருக்கிறது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போனார். பிறகு ஒரு சின்னக் குழலை வயரில் முதலில் கோத்துத் தள்ளி வைத்தார். (வீட்டில் நான் செய்து பார்த்தபோது மூட்டை முடித்த பிறகுதான் குழல் ஞாபகம் வந்தது. இரண்டு தரம்.) மூட்டைச் சேர்த்து, குழலை அதன்மேல் இழுத்து, சூட்டுக்காற்றைக் காட்டினார். குழல் தானாக இறுகி வயரோடு தோலாகிவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் குழல் செய்யப்படும்போது சின்னதாகத்தான் இருக்கிறது. அந்த அளவில் அதன் மூலக்கூறுகளைக் கதிர்வீச்சால் குறுக்கே பிணைத்துவிடுகிறார்கள். பிறகு சூடாக்கி, ஊதிப் பெருக்கி, அப்படியே குளிர வைக்கிறார்கள். நாம் சூடு காட்டும்போது அது தன் பழைய அளவுக்குத் திரும்புகிறது. மின்வேலையில் அதிகம் புழங்கும் பொலிஒலிபீன் பிளாஸ்டிக் வகை, 120 பாகை செல்சியஸ் அளவில் முழுதாக இறுகிவிடும்.

இனிச் சொல்லுக்கு வருவோம்.

‘வெப்பச்சுருக்கக் குழாய்’ பிழையில்லை. ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் குழாய் என்றால் தண்ணீர்தான், பீலியை (தண்ணீர் விழும் தூம்பை) விட்டால் குழாய். சுருக்கமோ சட்டையிலும் முகத்திலும் விழுவது, இல்லாவிட்டால் கட்டுரைக்கு எழுதுவது. கராஜில் கை நிறைய கிரீஸோடு நிற்கிறவர் இந்த நீளத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சூட்டுக்காற்று ஆறிவிடும். ‘சுருங்குறை’ குறுகலானது, எழுதிப் பார்த்தால் அழகு. சொல்லிப் பாருங்கள்: ‘சுருங் குறை’ என்று காதில் விழுகிறது. உறை போய்க் குறை வந்துவிட்டது. வயரில் ஏதோ கோளாறு என்றுதான் கேட்பவர் நினைப்பார்.

எங்கள் பாடப்புத்தகங்களில் ஃபியூஸுக்கு உருகி என்றுதான் படித்தோம். உருகுவதால் உருகி, கடத்துவதால் கடத்தி, துருவுவதால் துருவி. வினையோடு ஓர் இகரம், சொல் முடிந்தது. அப்படியானால் இது சுருங்கி. தனியாக நின்றால் வினையெச்சம் போலத் தோன்றும், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. வீதியோரம் நாம் எல்லாரும் விரலால் சீண்டி விளையாடிய செடிக்கு என்ன பெயர்? தொட்டாச்சுருங்கி. தொட்டால் சுருங்குவது அது. சுட்டால் சுருங்குவது இது. சுட்டாச்சுருங்கி.

அகராதிக்கு ‘சுட்டாற்சுருங்கி’ என்று புணர்த்தி எழுதலாம், வாயில் ‘ச்’ தானாக வரும். செடிக்கும் இதே கதைதான்.

நேற்று தனிமடலில் வந்த மறுப்புகளுக்கும் இங்கேயே பதில். செடி மறுபடி விரியும், குழல் விரியாதே என்றார் ஒருவர். பெயர் சுருங்கும் தருணத்தைத்தான் சொல்கிறது, எத்தனை நேரம் சுருங்கியிருக்கும் என்று உத்தரவாதம் தரவில்லை. மின்காப்பு என்ற பொருள் இதில் இல்லையே என்றார் இன்னொருவர். உருகியிலும் பாதுகாப்பு என்ற பொருள் இல்லை, யாரும் தடுமாறவில்லை. கனமான மறுப்பு மூன்றாவது: ‘சுட்டால்’ என்றால் ஆட்கள் லைட்டரைப் பற்றவைத்து நெருப்பில் வாட்டிவிடுவார்களாம். லைட்டர் சுவாலையில் குழல் கருகும், ஒரு பக்கம் மட்டும் இறுகும். பெட்ரோல் தாங்கிக்குக் கீழே செய்தால் கதை வேறு. ஆனால் அது கை வழக்கம், சொல்லின் பிழையல்ல. தேநீர் சுடுகிறது என்கிறோம், அங்கே நெருப்பா இருக்கிறது?

டேப்புக்கு ஒரு நண்பர் ‘காப்புநாடா’ என்றார். நாங்கள் பள்ளியில் இன்சுலேட்டரைக் காவலி என்று படித்தவர்கள், காப்பு என்றதும் எனக்குக் கோயில் திருவிழாதான் ஞாபகம் வருகிறது. அதனாலேயே டேப்புக்கு அது பொருத்தம் என்றும் தோன்றுகிறது: திருவிழா முடிந்தால் அவிழ்ப்பதுதானே காப்பு? என் டேப்பும் மழைக்காலம் முடியுமுன் தானே அவிழ்ந்தது.

உட்புறம் பசை தடவிய வகை ஒன்றுண்டு. சூட்டில் பசை உருகி இரு முனையிலும் பிதுங்கி அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஏறாது. விலை கூடினாலும் மலைநாட்டுக்கு அதுதான் வேண்டும். அதைப் ‘பசைச் சுட்டாச்சுருங்கி’ எனலாம். 2:1 என்று போட்டிருப்பது சுருங்குவிகிதம்: 6 மில்லிமீற்றர் குழல் 3 மில்லிமீற்றருக்கு இறங்கும்.

போன சனிக்கிழமை பாஸிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “சுருங்கின்னே சொல்லிருவோமே” என்றார். அவர் வெட்டிக்கொள்ளட்டும். நம் பட்டியலில் முழுச்சொல் இருக்கட்டும்.

வயர்க்கட்டுக்கு மேலே போடும், நீளவாக்கில் பிளந்த நெளிகுழலுக்கு ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. சட்டத்தின் துளையில் வயர் அறுபடாமல் செருகும் ரப்பர் வளையத்துக்கும்தான். கைவசம் இருப்பவர்கள் எழுதுங்கள்.