மறுமொழி: அயர்ன் சைட் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். வில்லை எதுவும் இல்லாமல் குறிபார்க்க உதவும், துப்பாக்கியின் முன்னும் பின்னும் இருக்கும் அமைப்பை ஆங்கிலத்தில் அயர்ன் சைட் (இரும்புக் குறி) என்கிறார்கள். வேட்டை ரைஃபிள் பற்றிய கட்டுரைக்காக அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

சில வேட்டை ரைஃபிள்களில் ஸ்கோப் (துப்பாக்கியின் மேல் பொருத்தும், இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் வில்லைக் குழாய்) வேண்டாம் என்று சொல்கிறவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் கட்டுரையின் பொருள். வரிக்கு வரி வரப்போகிற சொல் என்பதால் அவசரப்படாமல் முடிவெடுப்பது நல்லது. இதுவரை வந்த பரிந்துரைகளுக்கு என் கருத்து:

> இரும்புக் குறி என்றே வைத்துவிடலாமே, நேரடியாக இருக்கிறது.

வேண்டாம். அதில் இரும்பு இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. குழலின் முனையில் நிற்கும் சிறு புள்ளி பித்தளையாக இருக்கலாம், பழைய உயர்ரக ரைஃபிள்களில் தந்தமாகவும் இருந்தது. இப்போது பச்சையாகவோ சிவப்பாகவோ ஒளிரும் பிளாஸ்டிக் இழை வருகிறது. ஆங்கிலத்தில் பழக்கத்தால் நின்றுவிட்ட பெயரை நாம் சுமக்க வேண்டியதில்லை.

> வெறுங்கண் குறி?

கேட்க அழகாக இருக்கிறது. வெறுங்கை, வெறுங்கால் போல உதவிக்கு எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறது. ஆனால் ரெட் டாட் கருவியை என்ன செய்வது? அது எதையும் பெரிதாக்காது. ஒரு கண்ணாடித் தகட்டில் சிவப்புப் புள்ளியைக் காட்டும், அவ்வளவுதான். அதுவும் வெறுங்கண் கணக்கில் சேர்ந்துவிடும். (மூக்குக்கண்ணாடி போட்ட வேட்டைக்காரர் கோபித்துக்கொள்வது தனி.)

> குறிநோக்கி

இதை ஸ்கோப்புக்கு ஒதுக்கிவிடுவோம். தொலைநோக்கி, நுண்ணோக்கி என்று பழகிய காதுக்கு, நோக்கி என்றதும் வில்லை நினைவுக்கு வரும். ஸ்கோப்பில் வில்லை உண்டு, நாம் பேசும் பொருளில் இல்லை.

சரி, அந்தப் பொருள் என்னதான் செய்கிறது? குழலின் முனையில் ஒரு மேடு. கண்ணுக்குக் கிட்டே ஒரு பிளவோ துளையோ. இலக்கு எங்கோ தூரத்தில். மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். சிக்கல் என்னவென்றால், கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தொலைவைத்தான் கூர்மையாகப் பார்க்க முடியும். அதனால்தான் பயிற்சி தருகிறவர்கள், முன்னால் இருக்கும் புள்ளியில் பார்வையை நிறுத்து, இலக்கு கொஞ்சம் மங்கினால் மங்கட்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். காரணம் எளிய கணக்கு. முன் புள்ளிக்கும் பின் பிளவுக்கும் 50 சென்டிமீட்டர் இடைவெளி என்று வையுங்கள். புள்ளி பிளவின் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டரில் குண்டு 20 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். இலக்கு மங்கலாகத் தெரிவதால் வரும் பிழை அதைவிடச் சிறியது.

ஆக, இந்த ஏற்பாட்டின் உயிர் முன் புள்ளிதான். மற்ற மொழிகளும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஜெர்மானியர் பின் பிளவையும் முன் புள்ளியையும் சேர்த்து ‘கிம்மே உண்ட் கோர்ன்’ என்பார்கள். கோர்ன் என்றால் தானிய மணி. ரஷ்யர்கள் முன் புள்ளியை ‘முஷ்கா’ என்கிறார்கள், குட்டி ஈ என்று பொருள். நமக்கு ஈ வேண்டாம். மணி என்ற சொல் இருக்கிறதே! நெல்மணியும் அதுதான், கோத்த மணியும் அதுதான். வேட்டை ரைஃபிள்களில் முன் புள்ளி பெரும்பாலும் உருண்டை மணியாகவே இருக்கிறது.

என் பரிந்துரை: மணிக்குறி. ஸ்கோப்பிலும் ரெட் டாட்டிலும் குழல் முனை மணிக்கு வேலை இல்லை. நாம் பேசும் எல்லா வகையிலும் அது இருக்கிறது. பின்பகுதி பிளவாக இருந்தால் கவை மணிக்குறி, துளையாக இருந்தால் துளை மணிக்குறி. மரக்கிளையின் கவையைப் பார்த்தவருக்கு அந்தப் பிளவின் உருவம் உடனே புரியும்.

இனி இந்தச் சொல்லைக் கட்டுரையின் வாதத்தில் போட்டுப் பார்ப்போம். அங்கே நிற்காவிட்டால் பயனில்லை.

மணிக்குறியை விரும்புவோரின் முதல் வாதம் கிட்டத்து அடர்காடு. 30 மீட்டரில் புதரை விட்டு வெளியே பாயும் பன்றியைப் பல மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பில் தேடினால் வெறும் மயிர்தான் தெரியும், எந்தப் பக்கத்து மயிர் என்று தெரியாது. மணிக்குறியில் சுற்றுப்புறம் முழுவதும் கண்ணில் இருக்கும். ஒரு மடங்கில் தொடங்கும் ஸ்கோப்புகள் இப்போது வந்துவிட்டன என்பதால் இந்த வாதத்தின் பலம் குறைந்துவிட்டது, அதையும் கட்டுரை சொல்ல வேண்டும்.

இரண்டாவது, துப்பாக்கியின் அமைப்பு. லீவர் இழுத்துச் சுடும் வின்செஸ்டர் 1894 ரகத்தில், பழைய அமைப்பில், சுட்டு முடிந்த தோட்டாவின் காலிக் கூடு மேல்பக்கமாகத் தெறிக்கும். ஸ்கோப்பை வழக்கமான இடத்தில் வைத்தால் கூட்டின் வழியை அடைத்துவிடும். கூட்டைப் பக்கவாட்டில் தள்ளும் மார்லின் 336-இல் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் அந்த ரக ரைஃபிளைக் கையில் எடுத்தவருக்கு வேறொன்று புரியும். எடை சமநிலையில் நிற்கும் இடம் லீவருக்குச் சற்று முன்னால், உள்ளங்கையால் சுற்றிப் பிடித்து நடக்கிற அதே இடம். மேலே அரை கிலோ ஸ்கோப்பும் பிடிமானமும் ஏற்றினால் அது தலைகனத்துப் போகும். இந்த ரைஃபிள்களில் வழக்கமான 30-30 என்ற ரகத் தோட்டாவைக் கொண்டு பெரும்பாலும் 150 மீட்டருக்குள்ளேயே சுடுகிறவர் ஸ்கோப்புக்காக இந்தச் சமநிலையை விட்டுக்கொடுக்க யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது, யானை, காட்டெருமை போன்ற ஆபத்தான விலங்குகளுக்கான பெரிய இரட்டைக்குழல் ரைஃபிள்கள். அவற்றின் பின்னுதைப்பு கடுமையானது. ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இடையே எட்டு, பத்து சென்டிமீட்டர்தான் இருக்கும் என்பதால், உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிப்பதுண்டு. அந்த ரைஃபிள்களில் விரிந்த, ஆழமில்லாத கவை இருக்கும். அதனோடு 100, 200, 300 கெஜத்துக்கென்று மடக்கி நிமிர்த்தும் தகடுகள் இருக்கும். இவற்றை மடக்கு இதழ் எனலாமா? 300 கெஜ இதழ் அழகுக்குத்தான் என்பது என் எண்ணம். அந்தத் தொலைவில் இரண்டு மில்லிமீட்டர் மணி விலங்கின் உடம்பில் ஒரு பெரிய பகுதியை மறைத்துவிடும். கண்ணிலிருந்து 80 சென்டிமீட்டரில் இருக்கும் அந்த மணி 100 மீட்டரிலேயே 25 சென்டிமீட்டரை மறைக்கிறதே!

மழை, பனிமூட்டம், வில்லையில் படியும் ஈரம் எல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளலாம், அவற்றில் சொல் சிக்கல் எதுவும் இல்லை.

துளை மணிக்குறிக்கு மட்டும் தனிப் பத்தி வேண்டும். துளை வழியே பார்க்கும்போது கண் தானாகவே நடுவைத் தேடிக்கொள்கிறது. சின்னத் துளையானால் கிட்டத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் ஓரளவு சேர்ந்தே தெளிவாகத் தெரியும். அதனால் நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பொருள் மங்கும் கண்ணுக்குக் கவையைவிட இது நல்ல துணை. துளையைப் பெரிதாக்கி விளிம்பை மெல்லிசாக்கினால், பார்க்கும்போது அந்த வளையமே கரைந்துபோன மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் அதைப் பேய் வளையம் என்கிறார்கள். மாய வளையம் எனக்குப் போதும்.

எதிர்த்தரப்பையும் விட்டுவிடாதீர்கள். அந்தி நேரத்தில் மணிக்குறி தோற்றுவிடும், கறுப்பு மணி கறுப்பு உடம்பில் கரைந்துபோகும். 4 மடங்கும் 32 மில்லிமீட்டர் முன்வில்லையும் கொண்ட ஸ்கோப்பிலிருந்து வரும் ஒளிக்கற்றை 8 மில்லிமீட்டர் அகலம். இருட்டில் விரிந்த கண்மணிக்கு அது தாராளம். எதைச் சுடப்போகிறோம் என்று உறுதிசெய்வதற்கும் ஸ்கோப்தான் மேல். 200 மீட்டருக்கு அப்பால் மணிக்குறியால் வேட்டையாடுவது விலங்குக்குச் செய்யும் கொடுமை என்றே நான் எழுதுவேன், காயத்தோடு ஓடவிட வாய்ப்பு அதிகம்.

> மணி என்றால் கடிகார மணியோடு குழம்பாதா? தட்டையான முன் புள்ளிக்கும் மணி என்பதா?

கண்மணியில் யாரும் நேரம் பார்ப்பதில்லை. தட்டைக்கும் பொருந்தும், ஜெர்மானியர் அதையும் கோர்ன் என்றுதான் சொல்கிறார்கள்.

மாதிரிக்கு ஒரு வாக்கியம்: ‘குண்டு தாழ விழுந்தால் கவையை உயர்த்து, அல்லது மணியைத் தாழ்த்து.’ கவையை நகர்த்தும் திசையில் குண்டு போகும், மணியை நகர்த்தினால் எதிர்த்திசையில் போகும். இந்த விதியை இதைவிடச் சுருக்கமாகத் தமிழில் எழுத எனக்கு வழி தெரியவில்லை. கவைக்கும் மணிக்கும் உள்ள தொலைவுக்கு மணியிடை என்று வைத்திருக்கிறேன். மணியிடை நீண்டால் பிழை குறையும்.

இன்னும் ஒன்று பாக்கி. ஸ்கோப்பின் பின்வில்லைக்கும் கண்ணுக்கும் விடவேண்டிய இடைவெளிக்கு நல்ல சொல் தோன்றவில்லை. கண்விலக்கு என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். கண்ணை விலக்கச் சொல்வது போல ஒலிப்பதால் மனசு ஒப்பவில்லை. வேறு தோன்றுகிறவர்கள் எழுதுங்கள்.