பெரம்பூர் குடும்பம் 🏠 வாட்ஸ்அப் குரூப்

பெரிய மாமா: லதா உன் பொண்ணு பிஎச்டிக்கு தொழிலாளர் வரலாறு எடுக்கறாளாமே. முடிச்சா வேலை யாரு குடுப்பான்னு கேட்டியா

அம்மா: என்ன ஏன்ணா கேக்குற அவளும் இந்த குரூப்ல தான இருக்கா

நான்: மாமா நெட் எக்ஸாம்ல ஜேஆர்எஃப் கிளியர் பண்ணிட்டா ஆராய்ச்சி பண்ண மாசம் 37,000 ரூபா உதவித்தொகை, இல்லனா சமூக அறிவியலுக்குன்னு இருக்கற ஐசிஎஸ்எஸ்ஆர் கவுன்சில் ஃபெலோஷிப்புக்கு போடலாம். அப்புறம் நான் ஒண்ணும் தனியா கெடந்து முழிக்கல, 1996லயே இதுக்குன்னு அசோசியேஷன் ஆஃப் இந்தியன் லேபர் ஹிஸ்டாரியன்ஸ்னு ஆரம்பிச்சிருக்காங்க, அவங்களும் நொய்டா வி.வி.கிரி தேசிய தொழிலாளர் இன்ஸ்டிடியூட்டும் சேந்து தொழிலாளர் ஆவணமா தேடி டிஜிட்டல் பண்ணி வச்சிருக்காங்க, கான்ஃபரன்ஸ்ல ஒரு பேப்பர் வாசிச்சா போதும், நம்ம டாபிக்ல யாரு யாரு இருக்காங்கன்னு தெரிஞ்சிடும்

கார்த்தி: சங்கத்த பத்தி ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஒரு சங்கமா 🤣🤣

சித்தி: நொய்டா குளிரு தாங்குவியாடி

பெரிய மாமா: டாபிக் என்னம்மா

நான்: நம்ம பெரம்பூர் பி அண்ட் சி துணி மில்லு தான்

பெரிய மாமா: பின்னி மில்லா!! மொதல்லயே சொல்ல மாட்டியா. தாத்தா வீவிங்ல இருந்தாரு, மில்லு சங்கு ஊதினா தான் நம்ம தெருவுல அடுப்பே பத்த வைப்பாங்க

நான்: ஆமா மாமா. 1918 ஏப்ரல்ல மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சதே அந்த ஆளுங்கள வச்சு தான், அன்னி பெசன்ட்டோட சகா பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க.வும் கூட நின்னாரு. ஆனா அதுக்கு முன்னாடியே செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் நடத்துன பஜனை சபாவுக்கு வர தொழிலாளிங்க தான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் பத்தலன்னு பொலம்புவாங்களாம்

பெரிய மாமா: அதான் உங்க தாத்தா கடைசி வரைக்கும் பத்து நிமிஷத்துல தட்டுல கை கழுவிடுவாரு 😀

நான்: அதே மில்லுல நடந்த 1921 ஸ்டிரைக்கும் எழுதணும், ஸ்டிரைக் நடக்கும்போதே ஆதி திராவிட தொழிலாளர்கள் நெறைய பேரு வேலைக்கு திரும்பி போய் புளியந்தோப்புல கலவரமாகி குடிசைங்க எரிஞ்சுதுல்ல

பெரிய மாமா: அத எதுக்கும்மா இப்ப கிளறிக்கிட்டு

நான்: அத விட்டுட்டு எழுதறதுக்கு நான் எதுக்கு மாமா, யூனியன் ஆண்டு மலரே போதுமே

கார்த்தி: 🔥

நான்: சரி அத விடுங்க, தாத்தாவோட சந்தா ரசீது, கேட் பாஸ் ஏதாச்சும் இருக்கா? எக்மோர்ல இருக்கற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துல கவர்மென்ட்டு எழுதினது தான் கெடைக்கும், தொழிலாளி கையில இருந்த பேப்பர் வீட்ல தான் இருக்கும்

சித்தி: பரண்ல ஒரு டிரங்கு பெட்டி இருந்துச்சு. போன பொங்கலுக்கு பாதி பேப்பர்காரனுக்கு போட்டுட்டேன்

நான்: சித்தி!!!! 😭😭 ஆம்ஸ்டர்டாம்ல 1935ல ஒரு இன்ஸ்டிடியூட்டே ஆரம்பிச்சாங்க, ஹிட்லர் ஆளுங்க கையில மாட்டாம தொழிலாளர் இயக்க பேப்பர காப்பாத்தி வைக்க, மார்க்ஸ் கைப்பட எழுதினது கூட அங்க தான் இருக்கு. நீங்க கிலோ என்ன ரேட்டுக்கு போட்டீங்க

சித்தி: பதினாலு ரூபா

அம்மா: 🙈

பெரிய மாமா: மீதி பாதி இருக்கும்மா. ஞாயித்துக்கிழமை வா, எதுத்த வீட்டு பெரியவரும் தாத்தா கூட அதே டிப்பார்ட்மென்ட் தான், அவரையும் உக்கார வச்சு பேச சொல்றேன். பரண்ல ஏற எனக்கு முட்டி விடாது, கார்த்தியையும் இழுத்துட்டு வா

கார்த்தி: நான் என்ன பண்ணேன்