95 கேட்கும் வண்டியில் 91 ஆக்டேன் கலந்துவிட்டது: டேங்கைக் காலி செய்யணுமா?

கேள்வி:
டர்போ இல்லாத பெட்ரோல் கார். பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரில் 95 ஆர்ஓஎன் (ஆக்டேனைக் குறிக்கும் எண்) என்று இருக்கிறது. டேங்க் 45 லிட்டர். உள்ளே 15 லிட்டர் 95 இருந்தது; அதன்மேல் தவறுதலாக 25 லிட்டர் 91 நிரப்பியாகிவிட்டது. இரண்டும் சரியாகக் கலக்குமா, ஒன்று அடியில் தங்கிவிடுமா? மீதி இடத்தில் 98 ஊற்றினால் சரியாகிவிடுமா?

பதில் 1:
காலி செய்ய வேண்டாம். இரண்டும் பெட்ரோல்தான், தண்ணீரும் எண்ணெயும் மாதிரி பிரிந்து நிற்காது. குழாயிலிருந்து விழும் வேகத்திலேயே பெரும்பகுதி கலந்துவிடும். மிச்சம் வண்டி ஓடும்போது குலுங்கிக் கலந்துவிடும்.

கலவையின் ஆக்டேன் ஏறக்குறைய சராசரிக் கணக்குதான். 15 × 95 = 1425. 25 × 91 = 2275. கூட்டினால் 3700, 40 லிட்டரால் வகுத்தால் 92.5. அதாவது கேட்பதைவிட 2.5 குறைவு.

இப்போது 98 ஊற்றுவதில் பலனில்லை. இடம் 5 லிட்டர்தான் இருக்கிறது, அதில் 98 ஊற்றினாலும் 93.1 வரைதான் ஏறும். 20 லிட்டர் ஓட்டித் தீர்த்துவிட்டு, மிச்சமுள்ள 20 லிட்டரோடு 20 லிட்டர் 98 சேருங்கள்: 95.25 வந்துவிடும். அதே இடத்தில் 95 ஊற்றினால் 93.75-இல் நிற்கும், அடுத்தடுத்த நிரப்பல்களில்தான் மெல்ல ஏறும்.

இந்தச் சராசரி எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு நன்றாகப் பொருந்தும். எத்தனால் அளவு வேறுபடும் இரண்டைக் கலந்தால் விடை கொஞ்சம் தள்ளிப்போகும். கலவையில் எத்தனால் தன் பங்குக்கு மேலேயே ஆக்டேனை உயர்த்தும்.

பதில் 2:
கணக்கு சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று பாருங்கள்: நிரப்பிய 91 எந்த 91? ஆர்ஓஎன் ஒரு அளவுகோல். அமெரிக்காவிலும் கனடாவிலும் பம்ப்பில் போடும் ஏகேஐ வேறு. அது ஆர்ஓஎன்-ஐயும் எம்ஓஎன்-ஐயும் (இன்னும் கடுமையான சோதனையில் அளக்கும் ஆக்டேன் எண்) கூட்டி இரண்டால் வகுத்த எண். அந்த ஏகேஐ 91 என்பது ஏறக்குறைய 95 ஆர்ஓஎன்-க்குச் சமம். அப்படியானால் உங்கள் டேங்கில் தவறே நடக்கவில்லை.

இன்னொன்று, வண்டியோடு வந்த கையேட்டில் 95 "பரிந்துரை" என்று இருக்கிறதா, "குறைந்தபட்சம்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். பரிந்துரை என்றால் பதற்றமே வேண்டாம். குறைந்தபட்சம் என்றால் இந்த டேங்க் தீரும்வரை கவனமாக ஓட்டணும்.

பதில் 3:
அந்தக் கவனம் எப்படி என்று சொல்கிறேன். ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தி அல்ல, அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன். அது குறைந்தால், ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள் சிலிண்டரின் ஓரத்தில் எரியாமல் மிச்சமிருக்கும் கலவை மொத்தமாக வெடிக்கும். நாக்கிங் என்பது அதுதான். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டினாற்போல் சத்தம் வரும். மேட்டில் நாலாவது கியரில் 1500 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது தெளிவாகக் கேட்கும்.

நாக் சென்சார் இருக்கும் இன்ஜினில் அது அதிர்வைப் பிடித்ததும் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, சில டிகிரி பின்னால் தள்ளும். சத்தம் அடங்கும், இழுவையும் மைலேஜும் கொஞ்சம் குறையும். சரியான பெட்ரோல் வந்ததும் டைமிங் தானே மீண்டுவிடும், அதற்காகப் பேட்டரியைக் கழற்ற வேண்டியதில்லை. சென்சார் இல்லாத கார்புரேட்டர் வண்டிக்கு இந்தக் காவல் கிடையாது. சத்தம் கேட்டும் அப்படியே ஓட்டினால் பிஸ்டனில் ரிங் உட்காரும் மேடு உடையும். அதற்கு முன்பே பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் தெரியும், நடுநடுவே மினுங்கினால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம்.

ஆகவே இந்த டேங்க் தீரும்வரை: மேட்டில் ஒரு கியர் இறக்கி ஆர்பிஎம்மை மேலே வைத்திருங்கள், பாரம் ஏற்றாதீர்கள், சத்தம் வந்தால் உடனே காலை எடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. குறைந்தபட்சம் என்றுதான் போட்டிருக்கிறது, பம்ப்பிலும் ஆர்ஓஎன்தான். ஆக்டேன் பூஸ்டர் டப்பா வாங்கி ஊற்றினால் வேகமாகச் சரியாகுமா?

பதில் 1:
டப்பாவில் "30 பாயின்ட்" ஏறும் என்று எழுதியிருந்தால் 30 ஆக்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பல டப்பாக்களில் 10 பாயின்ட் சேர்ந்தால்தான் ஒரு ஆக்டேன், அதாவது 92.5 வெறும் 95.5 ஆகும். மாங்கனீசு சேர்ந்த வகை பிளக்கில் செம்மஞ்சள் படிவை விடும். 20 லிட்டர் தீர்ந்ததும் 98 ஊற்றுவதே சுத்தமான வழி.