மத்திய அரசில் இ-ஆபீஸ் வந்தபின் உண்மையில் என்ன மாறியது?

தேர்வர், திருச்சி:
குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறேன். இ-ஆபீஸ் மென்பொருள் வந்து கோப்புகள் கணினிக்குப் போனதால் அமைச்சகங்களில் முடிவுகள் வேகமாகிவிட்டன என்று படிக்கிற இடமெல்லாம் எழுதியிருக்கிறார்கள். உள்ளே வேலை பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர், டெல்லி:
கோப்பு ஓடுவது வேறு, முடிவு வருவது வேறு தம்பி. உதவியாளர் குறிப்பு எழுதி என்னிடம் வைப்பார். என்னிடமிருந்து சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், இணைச் செயலாளர், அப்புறம் கூடுதல் செயலாளர், செயலாளர். நடுவில் பலர் ஒரு வரிகூடச் சேர்க்காமல் கையெழுத்து மட்டும் போடுவார்கள். அந்தப் படிகளை அப்படியே கணினியில் வைத்தால், பியூன் கோப்பைச் சுமந்து நடக்கிற நேரம்தான் மிச்சம். 2021-ல் கோப்பு நான்கு நிலைகளுக்கு மேல் ஏறக்கூடாது என்று கொண்டுவந்தார்களே, என்னைக் கேட்டால் மென்பொருளைவிட அதுதான் பெரிய சீர்திருத்தம்.

வாசகர், மதுரை:
2005 தகவல் உரிமைச் சட்டத்தை விட்டுவிட்டீர்களே ஐயா? பத்து ரூபாய் கட்டினால் கோப்பில் யார் என்ன எழுதினார் என்று கேட்கலாமே.

ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர், டெல்லி:
சரியாகச் சொன்னீர்கள். 2006-ல் அந்தக் குறிப்புகளை வெளியே தராதபடி சட்டத்தைத் திருத்த அமைச்சரவையே ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். நல்லவேளை!

ஆனால் ஒரு ஓட்டை இன்னும் இருக்கிறது. மேலதிகாரிக்கு நம் குறிப்பு பிடிக்கவில்லை என்றால் ஓரத்தில் 'பேசவும்' என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்புவார். அறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, அவர் கருத்தை நம் கருத்தாக எழுத வேண்டும். காகிதக் காலத்தில் பழைய தாளையே உருவிவிட்டு வேறு தாள் வைக்கவும் முடிந்தது. இ-ஆபீஸில் பச்சைக் குறிப்பை, அதாவது கோப்பில் ஏறும் இறுதிக் குறிப்பை, அனுப்பிவிட்டால் பெயர், தேதி, நேரத்தோடு நிற்கும்; மாற்ற முடியாது. இதை நான் மனதார வரவேற்கிறேன். அந்த அறைக்குள் பேசியது மட்டும் இன்றும் எதிலும் பதிவாவதில்லை. வாய்மொழி உத்தரவை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்று மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. கீழே இருப்பவர் அதை எப்படிக் கேட்பார்?

தேர்வர், திருச்சி:
கேட்டால் என்ன ஆகும் ஐயா?

ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர், டெல்லி:
நம் வேலையைப் பற்றிய ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையை எழுதுவது அதே அதிகாரிதான். நீங்கள் தேர்வாகி அந்த நாற்காலிக்கு வந்தால், 'பேசவும்' என்று எழுதுவதற்குப் பதில் உங்கள் காரணத்தை அங்கேயே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.