டொல்பின் வானில் நாயோடு நிலாவெளிப் பக்கம் தங்க: ஏசியா, ஃபானா?

உப்புவெளியான்:
வணக்கம். டொல்பின் வான் (டொயோட்டா ஹைஏஸ்) ஒன்றைப் படுக்கை, சமையல் தட்டு, 12 வோல்ட் ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து வீடாக்கிக்கொண்டிருக்கிறோம். மே தொடக்கம் செப்டெம்பர் வரை திருகோணமலைப் பக்கம் உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, இடையிடையே கந்தளாய் என்று அதிலேயே இருக்கப்போகிறோம். இரண்டு பேர், 22 கிலோ நாட்டு நாய் ஒன்று. கூரைக்கு ஏசி பூட்டுவதா, ஃபான் போதுமா? பற்றரி, சோலர் எவ்வளவு வேண்டும்? கடற்கரையில் நாய்க்கு எதில் கவனம் வேண்டும்? படகில் புறாமலைத் தீவுக்குப் போகும்போது நாயை வானுக்குள் விட்டுவிட்டுப் போகலாமா?

சோலர் தம்பி:
ஏசியை விடுங்கோ அண்ணா. கூரையில பூட்டுற 12 வோல்ட் ஏசி 45 தொடக்கம் 60 அம்பியர் வரை இழுக்கும். 200 அம்பியர் மணி லித்தியம் பற்றரி நிறைஞ்சிருந்தாலும் நாலு மணித்தியாலத்தில முடிஞ்சிடும். ஹோட்டல் வளவில கரண்ட் எடுத்து ஓட்டலாம்தான். ஆனா கரண்ட் போனா ஏசி நிக்கும், ஜன்னல் எல்லாம் பூட்டிக் கிடக்கும், உள்ளுக்க நாய் மட்டும். இதுதான் ஏசியில உள்ள பெரிய ஆபத்து.

14 அங்குலக் கூரை ஃபான் ஒன்று போடுங்கோ, காற்றை வெளிய தள்ளுற பக்கமா ஓட்டுங்கோ. முழு வேகத்தில 2.5 அம்பியர் மட்டில, அதாவது 30 வாட். பிழை நடக்கிறது காற்று உள்ள வாற வழியிலதான். ஃபானுக்குக் கிட்ட உள்ள ஜன்னலைத் திறந்தா காற்று அதால வந்து அப்பிடியே கூரையால போயிடும், கீழ படுத்திருக்கிற நாய்க்கு ஒன்றும் கிடைக்காது. ஃபான் பின்பக்கம் எண்டா முன்பக்கம் நிழல் விழுற பக்கத்து ஜன்னலை மட்டும் திறவுங்கோ. திறப்பு ஃபானின்ட வாயளவு, 35க்கு 35 சென்ரிமீற்றராவது இருக்க வேணும். நாய்ப் படுக்கை அந்த வழியில தரையோட இருக்கட்டும்.

கணக்கு: ஃபிரிட்ஜ் 45 வாட், எங்கட வெக்கைக்கு நாளில பாதி நேரம் ஓடும், 540 வாட் மணி. ஃபான் 14 மணித்தியாலம், 420. லைட், ஃபோன், தண்ணிப் பம்பு 100. மொத்தம் 1,060. 100 அம்பியர் மணிப் பற்றரியில இருக்கிறது 1,280தான். ஒரு நாள் மப்புப் போட்டா அடுத்த நாள் இரவு ஃபான் நிக்கும். அதால 200 போடுங்கோ. 200 வாட் பனல் ஒன்று நாளுக்கு 700 வாட் மணி மட்டில தரும். தகடு 65 டிகிரிக்குச் சூடானா 15 வீதம் அளவில குறையும், அதையும் சேர்த்துத்தான் சொல்லுறன். ரெண்டு பனல் வேணும்.

இனி முக்கியமான சிக்கல். நாய்க்காக வானை நிழலில விட்டா கூரைப் பனல் வேலை செய்யாது. ஒரு பனலைக் கூரையில வையுங்கோ, மற்றதைக் கழற்றி வெயிலில வைக்கக்கூடியதா 10 மீற்றர் வயரோட செய்யுங்கோ. 4 சதுர மில்லிமீற்றர் வயர் எண்டா ஒரு வோல்ட் அளவில வழியிலேயே போயிடும். 6 சதுர மில்லிமீற்றர் எடுங்கோ. சார்ஜ் கொன்ட்ரோலர் (பனல் கரண்டை அளவாப் பற்றரிக்கு விடுற பெட்டி) பனலோட இல்லை, பற்றரிக்குப் பக்கத்தில. ஓடும்போது அல்டர்னேற்றரில இருந்து ஏத்த 30 அம்பியர் டிசி சார்ஜர் ஒன்றும் போட்டா, ஒரு மணித்தியால ஓட்டத்துக்கு 390 வாட் மணி மட்டில கிடைக்கும்.

தென்னைக்குக் கீழ நிப்பாட்டாதேங்கோ. வேம்பு, புளி பார்த்து நிப்பாட்டுங்கோ.

வாலாட்டி:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ஃபான் வெளிக்காற்றைத்தான் உள்ளே கொண்டுவரும், அதைவிடக் குளிராக்காது. கச்சான் காற்று அடிக்கிற நாளில் வெளியே 36 டிகிரி என்றால் உள்ளேயும் குறைந்தது அதுதான். ஆகவே வானுக்குள் விட்டுவிட்டுப் போவதற்கு என் பதில்: காலை எட்டரைக்கும் மாலை ஐந்துக்கும் இடையில் ஒரு நிமிடமும் வேண்டாம். ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. வெயிலில் பூட்டிய வாகனம் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி ஏறும். சிம் போட்ட வெப்பமானி அலாரம் நல்லதுதான், ஆனால் நீங்கள் படகில் இருக்கும்போது அது அடித்தால் என்ன செய்வீர்கள்? புறாமலை தேசிய பூங்கா, நாயைக் கொண்டுபோக முடியாது. ஒருவர் போய்வர மற்றவர் நாயோடு கரையில் நிற்க வேண்டும். கோணேசர் கோயிலுக்கும் அப்படியே. கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள கோட்டைக்குள் மான்கள் திரிகின்றன, அங்கே நாயை வாகனத்திலிருந்து இறக்கவே வேண்டாம்.

கச்சான் உலர்ந்த காற்று. அந்த நாளில் நாயின் வயிறு, தொடை இடுக்கு, பாதங்களை நனைத்து ஃபானுக்கு முன் விட்டால் நன்றாகக் குளிரும். கடல்காற்று ஈரமாக வரும் நேரம் தண்ணீர் காயாது, அப்போது அதே வேலை பாதிப் பலன்தான் தரும்.

நாயின் இயல்பான சூடு 38.3 முதல் 39.2 டிகிரி வரை. நாக்கு அகலமாகி இடைவிடாமல் மூச்சிளைத்தல், எச்சில் பிசுபிசுத்தல், முரசு (பல் ஈறு) கடும் சிவப்பாதல், தள்ளாடல், வாந்தி கண்டால் வெப்ப அதிர்ச்சி என்று எடுங்கள். முதலில் குளிராக்குங்கள், பிறகு வைத்தியரிடம் ஓடுங்கள். நிழலில் வைத்துச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துவாயால் போர்த்தினால் சூடு உள்ளேயே அடைபடும். தண்ணீரை வாயில் பருக்கவும் கூடாது. ஆசனவாயில் தெர்மோமீற்றர் வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள், 39.5க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கள். எழும்பி நடந்தாலும் மிருக வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும், சிறுநீரகமும் இரத்த உறைவும் கெடுவது பிறகுதான் தெரியும்.

கடற்கரையில் என்னை அதிகம் பயப்படுத்துவது பேத்தை மீன். கரைவலை இழுத்தபின் மணலில் வீசிவிட்டுப் போவார்கள். அதன் நஞ்சு காய்ந்தாலும் போகாது. நாய் தின்றால் வாந்தி, பின்னங்கால் சோர்வு, பிறகு மூச்சு நிற்கும். மாற்று மருந்து இல்லை. வலை இழுக்கிற இடத்தில் கயிற்றைக் கையிலிருந்து விடவேண்டாம்.

உப்புவெளியான்:
மிக்க நன்றி இருவருக்கும். தம்பி, வயர் 6 மில்லிமீற்றரே எடுக்கிறேன். உண்ணி பற்றியும், கந்தளாய் ரோட்டைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். தண்ணீர் எவ்வளவு கொண்டுபோக வேண்டும்?

குளக்கட்டு:
தண்ணி: கிலோவுக்கு நாளுக்கு 50 தொடக்கம் 60 மில்லிலீற்றர், வெக்கையில இரட்டிப்பு. உங்கட நாய்க்கு இரண்டரை லீற்றர் பிடியுங்கோ. கரையோரக் கிணறுகள் சிலது உவர், டவுனிலேயே 20 லீற்றர் கான் நிரப்பிக்கொண்டு போங்கோ. கடல் குளிச்சா உப்பைக் கழுவ வேணும். பயிருக்கு மருந்தடிக்கிற 5 லீற்றர் கைப்பம்பு, புதுசா வாங்கினது, ஒரு தரத்துக்குப் போதும்.

ஹபரணை – கந்தளாய் ரோட்டில பொழுது பட்டா யானை நிக்கும். நாயைச் சலம் போக விடுறதெண்டாலும் கடை உள்ள இடமாப் பார்த்து நிப்பாட்டுங்கோ. நாய் குரைச்சா யானை எரிச்சல்படும், ஓடின நாய் திரும்பி உங்களிட்டத்தான் வரும், பின்னால யானையும் வரும். குளங்களில முதலை இருக்கு, நாயைக் குளிக்க இறக்காதேங்கோ. தேங்கின தண்ணியும் குடிக்க விடவேண்டாம், எலிக்காய்ச்சல் அதாலயும் வரும். விசர்நாய்த் தடுப்பூசியோட அந்த ஊசியும் வருசாவருசம் போட்டு, அட்டையை வானிலேயே வையுங்கோ. கட்டாக்காலி நாய்கள் கடிச்சா அட்டை உடனே தேவைப்படும்.

வாலாட்டி:
உண்ணிக்கு வான் வசதியான வீடு. பழுப்பு நாய் உண்ணி முட்டையிலிருந்து பெரிதாகும் வரை கட்டடத்துக்குள்ளேயே வாழும். ஒரு பெண் உண்ணி பலகை இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பிளைவுட் மூட்டுகளை இப்போதே, பூட்டும்போதே சிலிக்கனால் அடைத்துவிடுங்கள். பிறகு கழற்ற முடியாது. தினமும் மாலையில் காது மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப் பட்டிக்குக் கீழ், அக்குள் பாருங்கள். கண்டால் நசுக்காமல், தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மாதம் ஒருமுறையோ பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் மாத்திரைகள் உண்டு. நாய்க்கு வலிப்பு வந்திருந்தால் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். சோர்வு, சாப்பிட மறுத்தல், சிறுநீர் கோப்பி நிறம், முரசு வெளிறல் என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனைக்கு அன்றே கொண்டுபோங்கள்.

சோலர் தம்பி:
கொசுவலையையும் சொல்ல மறந்திட்டன். சாதாரண நைலோன் வலை நாயின்ட நகத்துக்கு ரெண்டு நாள் தாங்காது. கதவில கீழ 60 சென்ரிமீற்றருக்கு அலுமினிய வலை, மேல நைலோன் போடுங்கோ. ஓடும்போது நாயைக் கட்டுற வளையத்தை பிளைவுட்டில ஸ்குரூ அடிச்சுப் பூட்டாதேங்கோ, பிரேக் பிடிச்சா பிடுங்கிக்கொண்டு வரும். அடித்தகட்டால M8 போல்ட் விட்டு, கீழ அகலமான தகடு வைச்சு முறுக்குங்கோ. டீசல் ராங்கி எங்க இருக்கெண்டு பார்த்திட்டு துளையுங்கோ.